ஏமாந்தவர்களும் மிதிபட்டவர்களும்



இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் ஈடன்பிரிட்ஜ் என்றொரு சிற்றூர் உண்டு. 1605ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்க நடந்த சதி முறியடிக்கப்பட்டதன் நினைவாக, நவம்பர் மாதத் தொடக்கத்தில் அவ்வூரார் உருவப்பொம்மை எரிப்பது வழக்கம். அந்தச் சதியில் பிடிபட்ட கை ஃபாக்ஸின் பொம்மையோடு, நடப்பு ஆண்டில் மக்களின் வெறுப்புக்கு ஆளான ஒருவரின் பொம்மையும் எரியும். 2012இல் அந்த இடம் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு வழங்கப்பட்டது. ஏறத்தாழ 30 அடி உயரப் பொம்மை. பந்தய மிதிவண்டி விற்பனைக்கு, இனி தேவையில்லை என்ற பொருள்படும் அறிவிப்பு அட்டை ஒன்றும் அதற்குத் தரப்பட்டிருந்தது. கூடியிருந்தோர் ஆரவாரிக்க, அது எரிந்து அடங்கியது.

இரண்டு மாதங்களுக்குப் பின் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், நூலகம் ஒன்றில் ஓர் அறிவிப்புத் தென்பட்டது. ஆம்ஸ்ட்ராங் தொடர்பான வாழ்க்கை வரலாற்று நூல்கள் யாவும் விரைவில் புனைகதைப் பிரிவுக்கு மாற்றப்படும் என்றது அது. நூலகம் வைத்த அறிவிப்பன்று, இளைஞர் ஒருவரின் குறும்பு. ஆயினும் உலகமே அதைப் படித்துச் சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதே மாதத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், அவருடைய தன்வரலாற்றை விலைகொடுத்து வாங்கி ஏமாந்துவிட்டோம் என்று வாசகர் சிலர் வழக்குத் தொடுத்தனர். எழுத்துரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு அந்நூல்களுக்கு உண்டு என்று கூறி, அவ்வாண்டு செப்டம்பரில் நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார்.

இந்தக் கோபத்தைக் குறித்தே இந்த வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். அந்தக் கோபம் நியாயமானதா என்பதைவிட, அது யாருடைய கோபம், யாருக்காக எழுந்த கோபம் என்பதே என்னை நெடுநாளாக உறுத்தும் கேள்வி.

இளைய வாசகர்களுக்காகச் சில செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்த ஆம்ஸ்ட்ராங் 1993இல் உலக மிதிவண்டிச் சாம்பியன் ஆனவர். 1996 அக்டோபரில், 25 வயதில், விதைப்பையில் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அதற்குள் அது நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தது. இந்தியானா பல்கலைக்கழக மருத்துவமனையில் அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் பெற்று அவர் பிழைத்தார். 1999 தொடங்கி 2005 வரை தொடர்ந்து ஏழு முறை டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் வென்றார். 1997இல் அவர் நிறுவிய அறக்கட்டளை, காலப்போக்கில் புற்றுநோயாளிகளுக்கென ஏறத்தாழ 50 கோடி டாலர் திரட்டியது. 2004இல் ஒரு டாலர் விலையில் அது வெளியிட்ட மஞ்சள் ரப்பர் வளையங்கள் 8 கோடிக்கும் மேல் விற்றன.

அவர் பிழைத்தது பொய்யன்று. 1970களில் அதே இந்தியானாவில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் என்ற மருத்துவர் சிஸ்பிளாட்டின் மருந்தைச் சேர்த்து வகுத்த சிகிச்சைமுறை, அந்நோய் கண்ட எண்ணற்ற இளைஞர்களைக் காப்பாற்றியிருக்கிறது. அவர்களுள் ஆம்ஸ்ட்ராங்கும் ஒருவர். பொய்யாயிருந்தவை அதன்பின் வந்த ஏழு வெற்றிகள். சிறுநீரக நோயாளிகளுக்கும் கீமோதெரபி பெறுவோருக்கும் இரத்தச்சோகைக்காகக் கொடுக்கப்படும் ஈ.பி.ஓ. என்ற மருந்தை, சிவப்பணுக்களைப் பெருக்கித் தசைகளுக்கு மேலும் பிராணவாயு கிடைக்கும்பொருட்டு அவர் ஏற்றிக்கொண்டிருந்தார். முன்னரே எடுத்துச் சேமித்த தம் இரத்தத்தையே பந்தய நாட்களில் மீண்டும் ஏற்றிக்கொண்டார். 2012 அக்டோபரில் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமை வெளியிட்ட ஆதாரங்கள் ஆயிரம் பக்கங்களைக் கடந்தன. 26 பேர் சாட்சியளித்திருந்தனர், அவர்களில் 11 பேர் அவருடைய முன்னாள் அணித் தோழர்கள். பட்டங்கள் ஏழும் பறிக்கப்பட்டன.

நானும் அந்த மனிதரைப் பிரசங்கத்தில் பயன்படுத்தியவன். 2005ஆம் ஆண்டு எங்கள் சேகரத்து வாலிபர் முகாமில், விசுவாச ஓட்டத்தைப் பற்றிப் பேசும்போது ஆம்ஸ்ட்ராங்கை உதாரணம் காட்டினேன். மரணப் படுக்கையிலிருந்து எழுந்து மலையேறியவர் என்றேன். அவரோ கடவுள் நம்பிக்கை உடையவராகத் தம்மைக் காட்டிக்கொண்டவர் அல்லர். அது எனக்கு அன்று ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. நல்லதோர் உதாரணம் கையில் கிடைத்துவிட்டால், பிரசங்கிகளாகிய நாங்கள் அதிகம் விசாரிப்பதில்லை. 2013இல் இன்னொரு பிரசங்கத்திலும் அவரைப் பயன்படுத்தினேன். இம்முறை மாய்மாலத்துக்கு உதாரணமாக. ஒரே மனிதர் எனக்கு இரண்டு பிரசங்கங்களுக்கு உதவினார். இரண்டிலும் நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதை அறியும் வாய்ப்பு இரண்டாம் பிரசங்கத்தின்போது எனக்கு நன்றாகவே இருந்தது. செய்தித்தாள்களில் எல்லாம் வந்துவிட்டிருந்தது.

அது நான்கு பேரைப் பற்றியது.

கிறிஸ்டோஃப் பாசோன்ஸ் பிரான்ஸ் நாட்டு வீரர். முந்தைய ஆண்டில் ஊக்கமருந்து ஊழலில் சிக்கிய அணியிலேயே இருந்தும், தாம் மட்டும் மருந்தைத் தொடாதவர் என்று பெயர் பெற்றவர். 1999 பந்தயத்தின்போது ஒரு பிரெஞ்சு நாளிதழில் பத்தி எழுதி, இந்த வேகங்கள் இயல்பானவை அல்ல என்ற ஐயத்தை வெளிப்படுத்தினார். ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் பந்தயம் நடந்துகொண்டிருந்தபோதே ஆம்ஸ்ட்ராங் அவரருகே வண்டியைக் கொண்டுவந்து, இப்படிப் பேசுவதானால் நீ வீட்டுக்குப் போகலாம் என்ற பொருள்படப் பேசினார். சக வீரர்களும் பாசோன்ஸை ஒதுக்கினர். சில நாட்களில் அவர் பந்தயத்தைவிட்டு விலகினார். அவருடைய தொழில்முறை வாழ்வும் நெடுங்காலம் நீடிக்கவில்லை. அந்தக் காலத்தில் எல்லோருமே செய்தார்கள் என்று ஆம்ஸ்ட்ராங்குக்காகப் பரிந்து பேசுவோர் இன்றும் உண்டு. அவருக்குப் பின்னால் வந்தவர்களில் பலர் மருந்தோடு தொடர்புடையவர்களே. அந்த ஏழு பட்டங்களும் வேறு எவருக்கும் தரப்படாமல் காலியாகவே விடப்பட்டிருக்கின்றன. ஆனால், எல்லோரும் என்று சொல்லும்போது பாசோன்ஸ் எங்கே போனார்?

இரண்டாமவர் இத்தாலியரான ஃபிலிப்போ சிமியோனி. ஆம்ஸ்ட்ராங்கின் ஆலோசகராயிருந்த மருத்துவருக்கு எதிராக இத்தாலிய நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவர். 2004 பந்தயத்தின் 18ஆம் நாள், முன்னே சென்ற சிறு குழுவோடு சேரும்படி சிமியோனி விரைந்தபோது, தலைமைச் சட்டையை அணிந்திருந்த ஆம்ஸ்ட்ராங் தாமே அவரைத் துரத்திச் சென்றார். ஏற்கெனவே பந்தயம் அவர் கையில் இருந்தது. சிமியோனி வெல்வதால் அவருக்கு எள்ளளவும் நட்டமில்லை. எனினும், நீர் இருந்தால் எங்களையும் போக விடமாட்டார் என்று முன்னே சென்றவர்கள் வேண்டிக்கொண்டதால், சிமியோனி பின்வாங்கிப் பெருங்கூட்டத்துக்குத் திரும்பினார். கூட்டத்தில் சிலர் அவரை ஏசினர். ஆம்ஸ்ட்ராங் தொலைக்காட்சிக் கருவியைப் பார்த்துத் தம் உதடுகளின் குறுக்கே விரல்களை இழுத்து, வாயை மூடு என்று சைகை காட்டினார். உலகம் முழுவதும் நேரலையில் பார்த்தது. எத்தனை பேர் அன்று மஞ்சள் வளையத்தைக் கழற்றினார்கள்?

மூன்றாமவர் எம்மா ஓரெய்லி. அயர்லாந்து தேசத்துப் பெண். அணி வீரர்களுக்கு உடல் பிடித்துவிடும் பணி செய்தவர். 1999இல் ஆம்ஸ்ட்ராங்கின் உடலில் கார்ட்டிசோன் என்ற மருந்து காணப்பட்டபோது, முன்தேதியிட்ட மருந்துச் சீட்டால் அது மூடி மறைக்கப்பட்டதை வெளியே சொன்னவர் அவர். அதற்காக அவர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. ஒரு பெண்ணைச் சிறுமைப்படுத்த ஆண்கள் எந்தச் சொல்லைத் தேடி எடுப்பார்களோ, அந்தச் சொல் அவர்மீது வீசப்பட்டது. ஆயராகிய நான் அதை இங்கே எழுதவில்லை.

நான்காமவர் பெட்சி ஆண்ட்ரூ, அணித் தோழர் ஃபிராங்கி ஆண்ட்ரூவின் மனைவி. 1996இல் மருத்துவமனை அறையில், தாம் என்னென்ன மருந்துகள் பயன்படுத்தினார் என்று ஆம்ஸ்ட்ராங் மருத்துவரிடம் கூறியதைத் தம் காதால் கேட்டதாக அவர் சத்தியப் பிரமாணம் செய்து சொன்னார். பொறாமைக்காரி, பைத்தியக்காரி என்று பெயர் வாங்கினார். ஏறத்தாழ பத்தாண்டுகள் அந்தப் பெயரோடு வாழ்ந்தார்.

வாசகரே, இப்போது ஈடன்பிரிட்ஜ் நெருப்புக்குத் திரும்பி வாருங்கள். அந்தக் கூட்டம் பாசோன்ஸுக்காகவா ஆரவாரித்தது? மஞ்சள் வளையத்தை வெட்டி எறிந்தவர்கள் எம்மாவை நினைத்தா எறிந்தார்கள்? அவர்கள் சொன்னது, எங்களை ஏமாற்றிவிட்டான் என்பதே. பத்து ஆண்டுகளாக அவருக்குக் கைதட்டிய கைகளே இப்போது தீப்பந்தம் பிடித்தன. அந்தப் பத்து ஆண்டுகளில் எம்மாவையும் பெட்சியையும் நம்ப மறுத்தவர்களும் நாம்தாம். நம்முடைய கைதட்டல் இல்லாமல் அவருக்கு அவர்களை மிதிக்கும் பலம் எங்கிருந்து வந்திருக்கும்?

லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தில் வரும் போக்காட்டை அறிவீர்கள். பிரதான ஆசாரியன் தன் இரு கைகளையும் அதன் தலைமேல் வைத்து, ஜனத்தின் பாவங்களையெல்லாம் அதன்மேல் அறிக்கையிட்டு வனாந்தரத்துக்கு அனுப்புவான். இறையியல் கல்லூரியில் இந்தப் பகுதியைப் படித்த நாட்களில், அந்த அறிக்கை சத்தமாகச் செய்யப்பட்டது என்பது எனக்கு முக்கியமாகத் தோன்றியதில்லை. இப்போது தோன்றுகிறது. ஜனங்கள் தங்கள் பாவம் எது என்பதைக் காதால் கேட்ட பிறகே ஆடு போனது. நாம் எரித்த பொம்மையின் தலைமேல் யாரும் கைவைத்து எதையும் அறிக்கையிடவில்லை. அதனோடு அனுப்பப்பட்டவை ஆம்ஸ்ட்ராங்கின் பாவங்கள் மட்டுமே. நம்முடையவை நம்மோடு வீடு திரும்பின.

பிறகு 2013 ஜனவரியில் ஓப்ரா வின்ஃப்ரேயின் தொலைக்காட்சிப் பேட்டி வந்தது. ஆம், இல்லை என்ற ஒற்றைச் சொல் விடைகளோடு அது தொடங்கியது. ஈ.பி.ஓ. பயன்படுத்தினீரா, ஆம். இரத்தம் ஏற்றிக்கொண்டீரா, ஆம். ஏழு முறையுமா, ஆம். பார்த்தவர்களில் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார்கள், ஒருவழியாக உண்மை வந்தது என்று. ஆனால் அவர் தொடர்ந்து சொன்னவற்றைக் கேளுங்கள். அக்காலத்தில் அது தவறு என்று உணர்ந்தீரா என்றதற்கு, இல்லை. ஏமாற்றுகிறோம் என்ற உணர்வு இருந்ததா என்றதற்கும், இல்லை. ஏமாற்று என்ற சொல்லுக்கு அகராதியில் பொருள் பார்த்ததாகவும், தாம் செய்தது அதற்குள் அடங்குவதாகத் தோன்றவில்லை என்றும் சொன்னார். எம்மாவைப் பற்றிக் கேட்டபோது, அவர் மிதித்துத் தள்ளப்பட்டவர்களில் ஒருவர் என்று ஒப்புக்கொண்டார். அவர்மீது வழக்குப் போட்டீரா என்ற கேள்விக்கோ, எத்தனையோ பேர்மீது போட்டோம், நினைவில்லை, போட்டிருப்போம் என்ற விதமாகப் பதில் வந்தது. பெட்சியின் மருத்துவமனைச் சாட்சியம் உண்மையா என்பதற்கு விடை கூறவில்லை. அவருடைய உடல் பருமனைக் குறித்த ஒரு கேலியே வந்தது. அன்றிரவு மற்றொரு தொலைக்காட்சியில் பேசிய பெட்சி, இத்தனைக்குப் பிறகும் அந்த ஒன்றைச் சொல்லக்கூடாதா என்று மனம் கொதித்தார். அவர் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. தாம் பொய் சொல்லவில்லை என்று, தம்மைப் பொய்க்காரி என்றவரின் வாயாலே ஒரு சொல்.

பேட்டியில் ஆம்ஸ்ட்ராங் கண்கலங்கிய இடமும் உண்டு. அவருடைய 13 வயது மகன், தன் தந்தை குற்றமற்றவர் என்று பிறரோடு வாதாடுவதைக் கண்டு, இனி எனக்காக வாதாடாதே என்று சொல்ல நேர்ந்ததை விவரித்தபோது. தகப்பனாகிய எனக்கு அந்தக் கண்ணீரைச் சந்தேகிக்க மனம் வரவில்லை. ஆனால் மற்றவர்களுக்குச் சில மாதத் தடைதான், தமக்கோ மரண தண்டனை என்று அவர் முறையிட்டதும், மறுபடி போட்டிகளில் ஓட விரும்புகிறேன் என்றதும் அதே பேட்டியில்தான்.

எனக்கு இங்கே சவுல் ராஜா நினைவுக்கு வருகிறான். 1 சாமுவேல் 15. அமலேக்கியரின் ஆடுகளைத் தப்பவிட்டு, கட்டளையை நிறைவேற்றிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு வருகிறவனிடம், அப்படியானால் என் காதில் விழும் இந்த ஆடுகளின் சத்தம் என்ன என்று கேட்கிறார் சாமுவேல். சவுல் முதலில் ஜனங்கள்மேல் பழி போடுகிறான். பின் பாவம் செய்தேன் என்று ஒப்புக்கொள்கிறான். ஒப்புக்கொண்ட அதே மூச்சில், மூப்பர்களுக்கு முன்பாக என்னைக் கனப்படுத்தும் என்று கெஞ்சுகிறான். அவன் சொன்ன வார்த்தை சரியான வார்த்தைதான். அவன் பார்வை மாத்திரம் மூப்பர்களின் முகத்தில் இருந்தது. தாவீதும் அதே வார்த்தையைத்தான் நாத்தானிடம் சொன்னான். ஆனால் தாவீது கனம் கேட்கவில்லை. வாசகரே, ஆம்ஸ்ட்ராங்கைச் சவுலோடு ஒப்பிடுவது எளிது. அந்தக் காட்சியில் மூப்பர்களாக உட்கார்ந்திருந்தவர்கள் யார்? சோபாவில் சாய்ந்தபடி, இந்தக் கண்ணீர் போதுமா, போதாதா என்று மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்த நாம் அல்லவா? அவர் நம்மை நோக்கிப் பேசியதற்கு, நாமே மன்னிக்கிறவர்கள் என்று நாம் நடந்துகொண்டதும் ஒரு காரணம்.

வழக்குகளின் கதை நீளமானது. பணத்தைப் பற்றியதாகையால் விரைந்து கடக்கிறேன். அவருடைய வெற்றிகளுக்குரிய ஊக்கத்தொகையைப் பொறுப்பேற்றிருந்த காப்பீட்டு நிறுவனம் ஒன்று சந்தேகப்பட்டுப் பணம் தர மறுத்தபோது, 2005இல் அவர் மருந்து தொட்டதேயில்லை என்று சத்தியப் பிரமாணம் செய்தார், நிறுவனம் பணம் கொடுத்தது. அந்தப் பொய்ச் சத்தியத்துக்காக 2015இல் நடுவர் குழு அவருக்கு ஒரு கோடி டாலர் விதித்தது. அவருடைய அணிக்கு 3 கோடி டாலருக்கும் மேல் கொடுத்திருந்த அமெரிக்க அஞ்சல் துறைக்காக அரசு தொடர்ந்த வழக்கில், ஏறத்தாழ 10 கோடி டாலர் வரை இழப்பீடு கோரும் நிலை இருந்தது. அஞ்சல் துறையே செய்வித்த ஆய்வுகள், அந்த அணியால் அத்துறைக்கு 10 கோடி டாலருக்கும் அதிகமான விளம்பரப் பயன் கிடைத்ததாகக் காட்டின என்று அவருடைய வழக்கறிஞர்கள் எடுத்துக் காட்டினர். 2018 ஏப்ரலில் 50 லட்சம் டாலருக்கு வழக்கு முடிந்தது.

யூதாஸ் வெள்ளிக்காசுகளைத் திரும்பக் கொண்டுவந்தபோது பிரதான ஆசாரியர்கள் நடந்துகொண்ட விதத்தை மத்தேயு எழுதியிருக்கிறார். எங்களுக்கென்ன, அது உன் பாடு என்றார்கள். நான் ஆம்ஸ்ட்ராங்கை யூதாஸோடு ஒப்பிடவில்லை, அந்த ஆசாரியர்களைப் பார்க்கச் சொல்லுகிறேன். காரியம் நடக்கும்வரை அவன் தேவைப்பட்டான். உலக மிதிவண்டி விளையாட்டை ஆளும் ஒன்றியம் ஆம்ஸ்ட்ராங்கிடமிருந்து ஒரு லட்சத்து இருபத்தையாயிரம் டாலர் நன்கொடை பெற்றிருந்தது. 2012இல் அதன் தலைவர், இந்த விளையாட்டில் அவருக்கு இடமில்லை, அவர் மறக்கப்படத் தக்கவர் என்று அறிவித்தார். அவரால் பெருவருவாய் கண்ட நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலகின, அவற்றில் சில ஒரே நாளில். மறந்துவிடுவது ஒன்றியத்துக்கு எத்தனை வசதி!

இவ்வழக்கை முதலில் தொடுத்த ஃப்ளாய்டு லாண்டிஸைக் குறித்தும் ஒரு வார்த்தை. பென்சில்வேனியாவின் மெனோனைட் கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தவர். 2006 பந்தயத்தில் வென்று, மருந்துச் சோதனையில் சிக்கி, நான்கு ஆண்டுகள் மறுத்துப் பொய் சொன்னார். தம் வழக்குச் செலவுக்கு ரசிகர்களிடம் நிதியும் திரட்டினார். 2010இல் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். ஏமாந்த அந்தக் கொடையாளர்களுக்கு 4,78,000 டாலருக்கும் மேல் திருப்பித் தர 2012இல் அரசோடு உடன்பட்டார். மனமுவந்து செய்தார் என்று சொல்லமாட்டேன். சட்டம் பின்னால் நின்றது. பின்னர் அஞ்சல் துறை வழக்கில் தகவல் தந்தவர் என்ற முறையில் அவருக்கு 11 லட்சம் டாலர் கிடைத்ததும் உண்மை. ஆனாலும் யாருக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும் என்று பெயர்ப் பட்டியல் போட்டு எழுதுகிற காரியம் எனக்குச் சகேயுவின் வீட்டை நினைவூட்டுகிறது. எரிகோவில் சகேயு ஊராரைக் கூட்டி உருக்கமாகப் பேசவில்லை. ஆண்டவருக்கு முன்பாக எழுந்து நின்று, யாரிடம் அநியாயமாய் வாங்கினேனோ அவர்களுக்கு நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றான். முணுமுணுத்துக்கொண்டு வாசலில் நின்ற ஜனங்களுக்கு அவன் எதையும் சொன்னதாக லூக்கா எழுதவில்லை.

ஆம்ஸ்ட்ராங்கும் அந்த வழியில் சில அடிகள் நடந்தார் என்பதைச் சொல்லாமல் விடுவது அநீதி. 2013இல் அவர் சிமியோனியை இத்தாலியிலும் பாசோன்ஸைப் பாரிஸிலும் தேடிச் சென்று நேரில் மன்னிப்புக் கேட்டார். அவ்வாண்டு நவம்பரில் ஃபுளோரிடாவில் எம்மாவைச் சந்தித்தார். செய்தித்தாள் ஒன்று ஏற்பாடு செய்த சந்திப்பு அது. ஆகவே அங்கும் புகைப்படக்காரர் இருந்தார். எம்மா அவரை மன்னித்தார். மறு ஆண்டு எம்மா எழுதிய நூலுக்கு ஆம்ஸ்ட்ராங்கே முன்னுரை எழுதினார். பெட்சியோ அவ்வளவு எளிதில் சமாதானம் அடையவில்லை. இதைக் கேட்டவுடன், எம்மா நல்லவர், பெட்சி கசப்பை வளர்க்கிறவர் என்று தீர்ப்பெழுத நமக்கு நாக்கு துடிக்கும், சபைக்காரர்களாகிய நமக்கு இன்னும் அதிகமாக. மன்னிக்காதவர் என்ற குற்றச்சாட்டை, காயப்பட்டவர்மேல் போடுவதில் நாம் தேர்ந்தவர்கள். பொய்க்காரி என்ற பெயரைப் பத்தாண்டு சுமந்த ஒரு பெண்ணிடம், உடனே மன்னியுங்கள் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

உரிமை இல்லை என்று எழுதியபின் நான் நிறுத்திக்கொள்ளலாம். இந்தப் பத்தியை நேற்றிரவு இங்கேதான் முடித்தேன். காலையில் மறுபடி எழுதுகிறேன்.

2005ஆம் ஆண்டு வாலிபர் முகாமில் ஆம்ஸ்ட்ராங்கைப் புகழ்ந்தேன் அல்லவா, அதே ஆண்டில் எங்கள் சேகரத்தில் ஆலய மண்டபக் கட்டட நிதி திரட்டிக்கொண்டிருந்தோம். அதை நடத்தியவர் ஊரில் மதிப்புமிக்க மூப்பர். ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம் கட்டியவர், என் பிள்ளைகளின் ஞானஸ்நானத்துக்கு முன்னின்று எல்லாம் செய்தவர். கமிட்டியில் இருந்த பள்ளி ஆசிரியை ஒருவர் ஒரு மாலையில் ரசீதுப் புத்தகங்களையும் வவுச்சர்களையும் துணிப்பையில் எடுத்துக்கொண்டு ஆயர் இல்லத்துக்கு வந்தார். “ஐயா, இரண்டு புத்தகத்துக்குக் கணக்கு வரவில்லை. நீங்கள் ஒருதரம் பார்த்துவிடுங்கள்” என்றார். நான் பையைத் திறக்கவில்லை. “டீச்சர், இது ஆண்டவருடைய வேலை. சந்தேகம் சபையைப் பிரித்துவிடும். ஜெபம் பண்ணுங்கள்” என்றேன். அவர் இன்னும் இரண்டு முறை வந்தார். மூன்றாம் முறை, பொறாமை நல்லதல்ல என்றும் சொல்லி அனுப்பினேன். அடுத்து வந்த ஆராதனைகளில் அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. சில மாதங்களில் வேறு சபைக்குப் போய்விட்டார்.

நான்கு ஆண்டுகளுக்குப் பின் தணிக்கை நடந்தபோது, அவர் சொன்ன இரண்டு புத்தகங்களோடு மூன்றாவது ஒன்றும் அகப்பட்டது. அந்த மூப்பர் அதற்குமுன் காலமாகியிருந்தார். கமிட்டி அமைதியாகக் கணக்கை நேர்செய்தது. ஆசிரியைக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. நானும் சொல்லவில்லை. 2013இல் ஆம்ஸ்ட்ராங்கின் மாய்மாலத்தைப் பற்றி நான் பிரசங்கித்த ஞாயிறன்று, சபையார் தலையசைத்துக் கேட்டார்கள். அந்த ஆலயத்தில் அவருடைய இடம் காலியாகவே இருந்தது.

அவர் இப்போது ஓய்வு பெற்று, மகள் வீட்டில் இருக்கிறார். விலாசம் கிடைத்துவிட்டது. முன்னறிவிப்பின்றிப் போய் நிற்பது அவருக்கு நெருக்கடியாகும் என்று எண்ணி, போன வாரம் ஒரு கடிதம் எழுதினேன். நீங்கள் சொன்னது உண்மை, நான் உங்களைப் பொறாமைக்காரி என்றது பொய், இதைப் பழைய கமிட்டியார் முன்னிலையிலும் எழுத்தில் தர ஆயத்தமாயிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறேன். மன்னித்துவிடுங்கள் என்ற வரியை எழுதி, அடித்துவிட்டேன். அதைக் கேட்பதானால் நேரில் கேட்கவேண்டும், அதுவும் அவர் வரச் சொன்னால்.

இன்னும் பதில் வரவில்லை.